இன்கிரிமென்ட்டுக்காகப் படித்தவர்கள்

நாற்பதைத் தாண்டியவருக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள மனம் வராது என்று எண்பதுகளின் கடைசியில் வங்கி நிர்வாகங்கள் உறுதியாக நம்பின. தமிழ்நாட்டின் பொதுத்துறை வங்கிக் கிளைகளில் அப்போது வேலை பார்த்த எங்கள் தலைமுறை அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. வட்டார அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள், பத்திரிகைகள் எழுதின, கொஞ்ச காலத்தில் நாங்களே அதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டோம். "இனிமே நமக்கு எதுக்கு சார் கம்ப்யூட்டர்? சின்னப் பசங்க பார்த்துப்பாங்க." ஆனால் அதே ஆட்கள்தான் வீட்டில் பிள்ளைகள் தூங்கிய பிறகு சிஏஐஐபி பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். பியூசியோடு வேலைக்கு வந்தவர்கள் அஞ்சல்வழியில் பி.காம். எழுதிக்கொண்டிருந்தார்கள். இந்த இரண்டும் ஒரே மனிதரிடம் எப்படி இருந்தன என்று அன்று யாரும் கேட்கவில்லை. அறிவுசார் பொருளாதாரம், வாழ்நாள் கல்வி என்று இன்று பேசுகிறவர்களும் கேட்பதில்லை. கற்கும் மனப்பான்மை சிலரிடம் இருக்கிறது, பலரிடம் இல்லை, இல்லாதவர்களுக்கு அதை ஊட்டவேண்டும் என்றே பேச்சு போகிறது. அந்தக் கிளைகளை நினைத்துப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலைக்கு வந்தபின் படிப்பதா வேண்டாமா என்பது பெரும்பாலும் ஒருவர் போட்டுப் பார்க்கும் கணக்கின் விடை. அதற்கு யார் நேரம் தருகிறார்கள், யார் பணம் கட்டுகிறார்கள், படித்தது எங்கே எண்ணப்படும், படிப்பதால் கையில் இருக்கும் எது போகும் என்பவை அந்தக் கணக்கின் உருப்படிகள்.

சிஏஐஐபி என்றால் வங்கி வட்டாரத்துக்கு வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. 1928இல் தொடங்கப்பட்ட இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் பேங்கர்ஸ் நடத்திய தேர்வு அது. நிறுவனத்தின் பெயர் பிறகு மாறிவிட்டது. தேர்வின் முதற்பகுதியும் ஜேஏஐஐபி ஆகிவிட்டது. முதற்பகுதி தேறினால் இன்கிரிமென்ட், இரண்டாம் பகுதி தேறினால் மறுபடியும். கிளார்க் பட்டம் வாங்கினால் அதற்கும் தனியாக உண்டு. இதெல்லாம் சங்கங்களும் நிர்வாகங்களும் போட்ட இருதரப்பு ஒப்பந்தங்களில் எழுத்தில் இருந்தது. மேலாளரின் தயவு தேவைப்படவில்லை. அடிப்படைச் சம்பளம் ஏறினால் அகவிலைப்படியும் கூடவே ஏறும். இளம் வயதில் தேறியவருக்கு அந்த இன்கிரிமென்ட் மாதாமாதம், ஓய்வு பெறும்வரை வந்துகொண்டிருந்தது. அரசு அலுவலகங்களிலும் இதே கதைதான். டிஎன்பிஎஸ்சி ஆண்டுக்கு இரண்டு முறை, மே மாதமும் டிசம்பரும், நடத்தும் துறைத்தேர்வுகளை எழுத வருகிறவர்களின் வயதைப் பார்த்தால் முதியோர் கல்வி இந்த நாட்டில் செத்துவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள். அக்கவுண்ட் டெஸ்ட் பாஸாகாமல் பதவி உயர்வு நிற்கிறது என்றால் ஐம்பது வயதிலும் ஹால் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து உட்காருகிறார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும் சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியபோது அவற்றைத் தாங்கிப் பிடித்தவர்களில் இந்த ஊழியர்கள் ஒரு பெருங்கூட்டம். சோம்பேறிகள் என்றும் புதுமைக்குப் பயந்தவர்கள் என்றும் பெயர் வாங்கிய அதே கூட்டம்.

அப்படியானால் கம்ப்யூட்டரைக் கண்டு ஏன் ஒதுங்கினார்கள்? இதற்கு விடை தேட லெட்ஜர் என்ன என்பது தெரியவேண்டும். ஒவ்வொரு சேமிப்புக் கணக்குக்கும் ஒரு பக்கம். வவுச்சரைப் பார்த்து கிளார்க் பதிவார், அதிகாரி சரிபார்த்துச் சிறு கையெழுத்துப் போடுவார். அவ்வப்போது லெட்ஜரில் உள்ள பாக்கிகளையெல்லாம் எடுத்தெழுதிக் கூட்டி, ஜெனரல் லெட்ஜர் தொகையோடு ஒப்பிடவேண்டும். பேலன்சிங் என்று அதற்குப் பெயர். அது ஒரே முயற்சியில் ஒத்துப்போனால் அன்று டிபன் வாங்கிக் கொடுக்கலாம். ஒத்துப்போகாத கணக்கில் தவறைத் தேடுவது தனி வித்தை. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறி விழுந்திருக்கின்றன. 540 ரூபாய் 450 ஆகியிருக்கும். வித்தியாசத்தைப் பாதியாக்கினால் வரும் தொகைக்கு அன்றைய தேதியில் ஒரு வவுச்சர் இருந்தால் பற்றில் எழுதவேண்டியதை வரவில் எழுதியிருக்கிறார்கள். சேமிப்புக் கணக்குக்கு வட்டி அப்போது மாதத்தின் 10ஆம் தேதி முதல் கடைசித் தேதிவரை இருந்த குறைந்தபட்சப் பாக்கிக்குத்தான். தினசரிப் பாக்கிக்கு வட்டி என்பது 2010 ஏப்ரலில்தான் வந்தது. ஆயிரக்கணக்கான கணக்குகளில் மாதத்துக்கொரு குறைந்தபட்சத்தைக் கண்ணாலேயே பிடித்து, பிராடக்ட் எனும் வட்டிக்கான பெருக்குத்தொகையைப் போடுவதற்கு அரையாண்டுக் கடைசியில் இரவு வெகுநேரம் ஆகும். இந்த வேலையில் தேர்ந்த சீனியர் கிளார்க்குக்குக் கிளையில் இருந்த மரியாதை மேலாளருக்குக் கூடக் கிடையாது. மேலாளர் மூன்று வருடத்தில் மாற்றலாகிப் போய்விடுவார். எந்த லெட்ஜரில் எந்த வருடத்து வித்தியாசம் தூங்குகிறது என்பது சீனியருக்கு மட்டும் தெரியும்.

ஏஎல்பிஎம் என்ற லெட்ஜர் பதிவு இயந்திரம் வந்து செய்தது என்னவென்றால், இந்த வித்தை முழுவதையும் ஒரு பொத்தானுக்குள் அடக்கிவிட்டது. ஒன்பதால் வகுத்துப் பார்க்கும் சூட்சுமத்துக்கு வேலையே இல்லாமல் போனது. வட்டி சில நிமிடங்களில் அச்சாகி வந்தது. இருபது வருடம் உழைத்துச் சேர்த்த கௌரவத்தைப் போட்டுவிட்டு, நேற்று வேலைக்கு வந்த பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விசைப்பலகையில் எழுத்துத் தேடவேண்டும். இதைப் பயிற்சி என்று சொன்னார்கள். பயிற்சிதான். ஆனால் அதற்காக அந்த மனிதர் கொடுக்கவேண்டியிருந்த விலையை எந்தச் சுற்றறிக்கையிலும் யாரும் எழுதவில்லை. சிஏஐஐபி அவர் கையில் இருந்ததோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தது. இயந்திரமோ இருந்ததை எடுத்துக்கொண்டு புதிதாக ஒன்றைத் தருவதாகச் சொன்னது. இரண்டையும் கல்வி என்ற ஒரே தலைப்பில் போட்டு, ஒன்றுக்கு ஆர்வம் இருக்கிறது மற்றதற்கு இல்லை என்று ஆச்சரியப்படுவது கணக்குத் தெரியாதவர் பேச்சு.

சங்கங்கள் இந்த விலையைப் புரிந்துகொண்டிருந்தன, பாதிக்குமேல் சரியாகவே. அறுபதுகளில் எல்ஐசியில் கம்ப்யூட்டர் வந்தபோது கல்கத்தாவில் நடந்த போராட்டம் அதை உள்ளேயே விடக்கூடாது என்பது. 1983 செப்டம்பரில் வங்கிச் சங்கங்கள் போட்ட இயந்திரமயமாக்க ஒப்பந்தம் வேறு மாதிரி. சி. ரங்கராஜன் தலைமையிலான குழு வங்கிகளை இயந்திரமயமாக்குவது பற்றி ஆராய்ந்து 1984இல் அறிக்கை தந்த காலம் அது. எத்தனை இயந்திரங்கள், எங்கே என்று வரம்பு கட்டினார்கள். அதை இயக்குகிறவருக்கு மாதாமாதம் சிறப்புப் படி உண்டு என்றும் எழுதிவாங்கினார்கள். சிறப்புப் படி வந்தவுடன் கிளைகளில் காற்று திரும்பியது. எங்களுக்கு எதற்கு என்றவர்கள் சீனியாரிட்டி பட்டியலை எடுத்துக்கொண்டு அந்த இருக்கை தங்களுக்குத்தான் வரவேண்டும் என்று வாதாடினார்கள். கேலியாகத் தோன்றலாம், எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொகை சிறியது, வாழ்க்கையை மாற்றிவிடக்கூடியதும் இல்லை. புதிய வேலைக்கும் ஒரு மதிப்பு இருக்கிறது, பழைய மதிப்பு போன இடத்தில் இது வந்து உட்காரும் என்பதற்கு எழுத்தில் ஓர் ஒப்புதல், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வயது தடையாக இருக்கவில்லை.

இதன் மறுபக்கத்தையும் அதே வங்கிகள் காட்டின. 1998இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையராக வந்த என். விட்டல், 2001 ஜனவரிக்குள் வங்கி வணிகத்தில் 70 சதவீதம் கம்ப்யூட்டருக்கு மாறவேண்டும் என்று கெடு வைத்தார். ஊழலைத் தடுக்கும் ஆணையம் கம்ப்யூட்டருக்குக் கெடு வைப்பது நம் நாட்டில்தான் நடக்கும். அதே சமயத்தில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. பதினைந்து வருட சர்வீஸ் அல்லது நாற்பது வயது ஆகியிருந்தால் போதும். 2001 மார்ச்சுக்குள் நாடு முழுவதும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். போனவர்கள் கற்க மறுத்தவர்கள் என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. போனவர்களில் சிஏஐஐபி முடித்தவர்கள், பயிற்சிக் கல்லூரிகளில் பாடம் எடுத்தவர்கள், வெளியே தனியார் வங்கியில் மறுநாளே வேலை கிடைக்கக்கூடியவர்கள் நிறைய. நிர்வாகங்கள் பிறகு கவலைப்பட்டதே திறமையானவர்கள் போய்விட்டார்களே என்றுதான். தங்கியவர்கள்தான் இரண்டாயிரங்களில் கோர் பேங்கிங்கைக் கற்றார்கள். ஃபினக்கிள் மென்பொருளை எடுத்த வங்கிகளில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மெனு. பரிவர்த்தனைக்கு எச்டிஎம், கணக்கைப் பார்க்க எச்ஏசிஎல்ஐ என்று நீளும் பட்டியலைக் கையால் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவைத்திருப்பார்கள். பக்கத்து சீட்டில் கேட்டால் சொல்லிக் கொடுப்பார்கள். அங்கே எல்லோருக்குமே அது புதிது. யாரும் யாருக்கும் சீனியர் இல்லாத அந்தச் சில மாதங்களில் ஐம்பத்தைந்து வயதுக்காரர்கள் கற்ற வேகத்தை முந்தைய பத்து வருடப் பயிற்சி வகுப்புகளால் விளக்கமுடியாது. வேலை போகாது என்பது தெரிந்திருந்தது, தெரியவில்லை என்று சொல்ல வெட்கமும் இல்லை.

பெண் ஊழியர்களின் விஷயத்தில் இந்தக் கணக்கு இன்னும் துல்லியமாகத் தெரியும். சிஏஐஐபி முடித்த பெண் கிளார்க்குகள் எங்கள் காலத்தில் ஏராளம். அதிகாரியாவதற்கான பதவி உயர்வுத் தேர்வுக்கு அவர்களில் பலர் விண்ணப்பமே போடவில்லை. கிடைத்ததையும் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தவர்கள் உண்டு. அதே மூளை, பாடமும் ஏறக்குறைய அதே பாடம். இன்கிரிமென்ட் வீட்டுக்கு வந்தது; பதவி உயர்வு வடமாநிலத்துக்கோ தெரியாத ஊருக்கோ மாற்றலைக் கொண்டுவந்தது. கணவரின் வேலை, பிள்ளைகளின் பள்ளி, மாமியாரின் மருந்து எல்லாம் அந்தத் தராசில் ஏறின. இவர்களைப் பற்றி வளர்ச்சியில் நாட்டமில்லாதவர்கள் என்று மனிதவளத் துறை கோப்புகளில் குறிப்பு எழுதுவது சுலபம். ஆண்களும் மறுத்தார்கள், அவர்களைப் பற்றி அப்படிச் சொன்னது குறைவு.

இதற்கு எதிராக ஒன்று சொல்லலாம், சொல்கிறார்கள். எந்தப் படியும் இன்கிரிமென்ட்டும் இல்லாமல் தன் ஆசைக்காகவே படிக்கிறவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். அவர்களை வைத்துப் பார்த்தால் மனப்பான்மைதானே எல்லாம்? இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஒவ்வொரு கிளையிலும் ஒருவர் இருந்தார். ஆனால் ஒருவரை வைத்து அமைப்பைக் கட்டமுடியாது. வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓஇசிடி நடத்தும் வயதுவந்தோர் திறன் ஆய்வில் நாட்டுக்கு நாடு திரும்பத் திரும்ப வருவது ஒன்றுதான்: ஏற்கெனவே நிறையப் படித்தவர்கள்தான் வேலைக்கு வந்தபின்னும் அதிகம் படிக்கிறார்கள். இதை அவர்களின் குணச்சிறப்பாக வாசிக்கலாம். அவர்கள் பார்க்கும் வேலையில்தான் அலுவலக நேரத்திலேயே பயிற்சி கிடைக்கிறது, நிறுவனம் கட்டணம் கட்டுகிறது, கற்றதை அடுத்த வாரமே பயன்படுத்த முடிகிறது என்றும் வாசிக்கலாம். பேக்கிங் பிரிவில் நாள் முழுக்க நிற்பவருக்கு இந்த மூன்றும் கிடையாது. பயன்படுத்த இடம் இருந்தால் பள்ளிப்படிப்புகூட வேண்டியதில்லை என்பதை 2016இல் யுபிஐ வந்த பிறகு பூக்கடைக்காரரும் இளநீர்க்காரரும் காட்டிவிட்டார்கள். அவர்களுக்கு யாரும் டிஜிட்டல் மனப்பான்மை ஊட்டவில்லை. வாடிக்கையாளர் சில்லறை இல்லை என்றார், அது போதுமாக இருந்தது.

இன்னொரு மறுப்பு கனமானது. ஊக்கத்துக்காகப் படிப்பவர் ஊக்கத்துக்கு வேண்டிய அளவே படிப்பார். கைடை மனப்பாடம் செய்து பாஸாகி மறந்துவிடுவார். இது நடந்தது, இப்போதும் நடக்கிறது. 1986 கல்விக் கொள்கைக்குப் பிறகு யுஜிசி கல்லூரி ஆசிரியர்களுக்காக ஏற்படுத்திய பணியிடைப் பயிற்சிகள் பதவி உயர்வுக்கு நிபந்தனையானதும், வருகைப்பதிவுக்காக மட்டும் வந்து உட்கார்ந்தவர்கள் உண்டு. இணையவழிப் பயிற்சியில் அடுத்து, அடுத்து என்று அழுத்திக்கொண்டே போய் கடைசித் தேர்வுக்கு நண்பரிடம் விடை வாங்குகிறவர்களை இன்று எந்த அலுவலகத்திலும் காணலாம். ஆனால் கைடு படித்த வங்கிக்காரருக்கும் ஏதோ ஒட்டியது. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 131ஆம் பிரிவைப் படித்தவர், வாடிக்கையாளருக்காகக் காசோலையை வசூலிக்கும் வங்கிக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு, நல்லெண்ணத்தோடும் கவனக்குறைவில்லாமலும் நடந்தால் மட்டுமே கிடைக்கும் என்று அறிந்திருந்தார். அதனால் புதிய கணக்கு திறக்க வந்தவரின் அறிமுகக் கையெழுத்தை வெறும் சடங்காக விடாமல் மாதிரிக் கையெழுத்து அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். பரீட்சையில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியது கவுண்ட்டரில் கண்ணாக மாறியது. கற்றது ஒட்டுமா ஒட்டாதா என்பது எதற்காகப் படித்தார் என்பதைவிட, படித்ததைத் தொட்டுப்பார்க்க அவர் வேலையில் இடம் இருந்ததா என்பதைப் பொறுத்திருக்கிறது. ஆசையால் மட்டும் நடக்கும் படிப்பின் கதி என்ன என்பதையும் பார்த்துவிட்டோம். கோர்செராவும் எட்எக்ஸும் 2012இல் இலவசப் பாடங்களோடு வந்தபோது உலகமே படிக்கப்போகிறது என்றார்கள். சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் பொதுவாகப் பத்தில் ஒருவருக்கும் குறைவு. சான்றிதழுக்காகப் பணம் கட்டியவர்களிடையே முடித்தவர்களின் பங்கு பல மடங்கு அதிகம். இலவசமாகக் கிடைத்தும் விட்டுப்போனவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லலாம்தான், ஆனால் அது பத்தில் ஒன்பது பேரை அப்படிச் சொல்வதாகும்.

எங்கள் காலத்துக்கும் இன்றைக்கும் உள்ள மாற்றத்தை இந்தக் கணக்கை வைத்தே பார்க்கிறேன். படிப்பின் செலவு மெல்ல மெல்ல நிறுவனத்தின் பேரேட்டிலிருந்து தனிமனிதரின் பேரேட்டுக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. தமிழக அரசு தன் ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உயர்கல்விக்காகத் தந்துவந்த ஊக்க ஊதிய உயர்வை 2020இல் நிறுத்தியது. மத்திய அரசில் ஒருமுறை தரும் தொகைதான். 2019 ஆணையின்படி படிப்பைப் பொறுத்து 10,000 முதல் 30,000 ரூபாய். ஓய்வு பெறும்வரை தொடரும் இன்கிரிமென்ட்டுக்கும் ஒருமுறை கையில் தரும் தொகைக்கும் உள்ள வேறுபாடு எந்தக் கிளார்க்குக்கும் தெரியும். ஐடி துறையில் நிலைமை இன்னும் வெளிப்படை. தொண்ணூறுகளில் என்ஐஐடி, ஆப்டெக் வாசல்களில் கட்டணம் கட்டிய இளைஞருக்காவது வேலை கிடைத்தால் கொஞ்ச காலம் அது போதும் என்ற நம்பிக்கை இருந்தது. ஆண்டு 2000 கணினிச் சிக்கலான ஒய்டுகே வேலைக்காக கோபால் என்ற நிரல்மொழி படித்தவர்கள் 2000 பிறந்ததும் அடுத்ததைத் தேடவேண்டியிருந்தது. இப்போது கிளவுட் சான்றிதழ்கள் இரண்டு மூன்று வருடங்களில் காலாவதியாகின்றன. புதுப்பிக்கும் படிப்பு சனி ஞாயிறுகளில் நடக்கிறது. ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் 2003இல் தொடங்கிய என்பிடெல் பாடங்கள் அருமையானவை, கேட்பதற்குக் காசும் இல்லை. நேரத்தைத்தான் அவை தரமுடியாது.

பயிற்சி கொடுத்தால் ஆள் வேறு நிறுவனத்துக்குப் போய்விடுகிறான், நாங்கள் ஏன் செலவு செய்யவேண்டும் என்று முதலாளிகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஒரு நிறுவனத்தால் தீர்க்கமுடியாத சிக்கல் அது. அதனால்தான் சில நாடுகள் அதைப் பொதுவில் வைத்தன. சிங்கப்பூர் 2016 முதல் 25 வயதைத் தாண்டிய குடிமக்களுக்கு 500 வெள்ளியும், 2024இல் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மேலும் 4,000 வெள்ளியும் பயிற்சிக்கென்று கணக்கில் போட்டது. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அதிகம் என்பதைக் கவனிக்கவேண்டும். எங்கள் நிர்வாகங்கள் கைவிட்ட வயது அது. பிரான்ஸில் வேலை செய்யும் ஒருவருக்குப் பொதுவாக ஆண்டுக்கு 500 யூரோ, மொத்தம் 5,000 வரை, பயிற்சிக் கணக்கில் சேர்கிறது. வேலை மாறினாலும் கணக்கு அவரோடு போகும். பணம் இருந்தால் மட்டும் எல்லோரும் படித்துவிடுவார்கள் என்று நான் சொல்லமாட்டேன், நேரமும் வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1974இலேயே சம்பளத்தோடு கூடிய கல்வி விடுப்புக்கென்று ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தியா அதில் சேரவில்லை.

வங்கித் துறையிலேயே இன்று இந்தக் கணக்கின் கடைசி வரியில் நிற்பவர் கிளார்க் இல்லை. கிராமங்களில் கையடக்க இயந்திரத்தோடு பணம் கொடுத்து வாங்கும் வங்கி முகவர். எங்களுக்கு சிஏஐஐபி நடத்திய அதே நிறுவனம் அவர்களுக்கும் ஒரு சான்றிதழ்த் தேர்வு நடத்துகிறது. அவருக்கு வருமானம் கமிஷன். தேர்வு மையம் இருக்கும் ஊருக்குப் போகும் நாளில் இயந்திரம் மூடியிருக்கும், கமிஷன் வராது. தேறினால் ஏறுவதற்கு அவருக்கு அடிப்படைச் சம்பளமும் கிடையாது. அவர் அந்தப் புத்தகத்தைத் திறக்கத் தயங்கினால் மனப்பான்மை சரியில்லை என்று எழுதப்போகிறவர், முதலில் அவருடைய அந்த ஒரு நாளின் வரவு செலவைப் போட்டுப் பார்க்கட்டும்.